ஒரு பேர்ச்சில் எத்தனை பேர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. தெரணியகலையில் ஆட்டோ ஓட்டும் என் அண்ணன் அமல்ராஜ் எனக்கு வைத்திருக்கும் பெயர் பட்டாசு. சரோன் என்ற பெயரை அவன் வாயால் கேட்டு எத்தனையோ வருடமாகிறது.

நான் பல்கலைக்கழகத்தில் படித்தது நாடகமும் அரங்கியலும். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனிலிருந்து பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் நான்தான். இறுதி வருட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்பச் சின்னது. நானூறு வருடங்களுக்கும் முன்னால், முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், லண்டனில் ரோஸ் என்று ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. சுற்றிவர மூன்று அடுக்கு மாடம், அதில் காசுள்ளவர்கள் உட்காருவார்கள். நடுவில் கூரையில்லாத முற்றம். மேடை அந்த முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஏழைகள் முற்றத்தில் நின்றுகொண்டே நாடகம் பார்ப்பார்கள். அந்த முற்றத்தில் எத்தனை பேர் நின்றிருக்க முடியும்? இதுதான் என் கேள்வி.

என் ஆய்வை மேற்பார்த்தவரின் பெயரை எழுதப் போவதில்லை. கலாநிதி என்ற பட்டத்தாலேயே சொல்கிறேன், அப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும். தலைப்பைச் சொன்னவுடனே அவர் சிரித்தார்.

"பிள்ளை, நீர் தோட்டத்துப் பிள்ளை. உமக்கு ஏன் லண்டன் கொட்டகை? காமன் கூத்தைச் செய்யும். உங்கட ஆக்களின்ர சொத்து அது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மன்மதனை எரிக்கிற அந்தக் கூத்து எங்கள் டிவிஷனில் நடந்து நான் பார்த்ததே இல்லை. போதாக்குறைக்கு நாங்கள் வேதக்காரர்கள், அம்மா ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். மலையகத்திலிருந்து ஒருத்தி வந்தால் கையில் காமன் கூத்தைத் திணித்து அனுப்புவது இவருக்கு வழக்கம். எனக்கு முன்னால் வந்த மூன்று பேருக்கும் அதையேதான் கொடுத்தார்.

"எனக்கு இதுதான் வேணும், சேர்" என்றேன்.

"நீர் லண்டனைக் கண்டதுமில்லை. அந்தக் கட்டடம் இப்ப இல்லவும் இல்லை. எப்படி அளக்கப் போறீர்?"

"அளந்தவங்களும் கட்டடத்தப் பார்க்கல, சேர்."

அது உண்மை. 1989இல் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டும்போது ரோஸின் அத்திவாரத்தில் ஒரு பகுதி கிடைத்தது. கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிச் சொட்டி முற்றத்தில் விழுந்த தடம்கூட மண்ணில் அப்படியே இருந்தது. எங்கள் வரிசை வீட்டு லயத்துக் கூரைத் தகரத்துக்குக் கீழே வாசலில் விழுகிறதே ஒரு கோடு, அதே மாதிரி. அந்தக் கோட்டை வைத்துத்தான் மாடத்தின் விளிம்பு எங்கே இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். இன்னொரு கொட்டகை கட்டிய தச்சனோடு செய்த ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, வேறொரு கொட்டகைக்குப் போன பயணி அவசரத்தில் கீறிய படம் ஒன்று இருக்கிறது. மீதியெல்லாம் கயிறும் கணக்கும். கயிறும் கணக்கும் லண்டன்காரனுக்கு மட்டும் சொந்தமா என்ன?

அந்தக் காலத்துத் தச்சர்கள் நிலம் அளந்த கோல் பதினாறரை அடி. இதைப் படித்த அன்று நூலகத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். பதினாறரைக்குப் பதினாறரை சதுரம் என்றால் ஒரு பேர்ச். பேர்ச் என்றால் என்னவென்று எங்கள் தோட்டத்தில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். லயத்தை விட்டுத் தனி வீடு கட்டிக்கொள்ள ஏழு பேர்ச் காணி, ஏழு பேர்ச் காணி என்று கேட்டுக் கேட்டே எங்கள் காது புளித்துவிட்டது.

ரோஸ் பதினான்கு பக்கமுள்ள கட்டடம், ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு கோல் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பதினான்கு கோல் சுற்றளவு என்றால் குறுக்கே எழுபத்து மூன்றரை அடி வரும். மாடத்துக்கு இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு அடி கழித்தேன். பன்னிரண்டு அடி என்பது எங்கள் லயத்து அறையின் நீளம். மிஞ்சுகிற முற்றத்தில் மேடையையும் கழித்துப் பரப்புப் பார்த்தால் ஐந்து பேர்ச்சுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. நான் ஐந்து என்றே வைத்துக்கொண்டேன். எங்களுக்குத் தருவோம் என்கிற வீட்டுக் காணியைவிடச் சின்ன இடம் அது. அதில் ஐந்நூறு பேருக்கு மேல் நின்றார்கள் என்று நூல்கள் சொல்கின்றன.

ஐந்நூறு பேரா என்று எனக்குச் சந்தேகம். நிற்க வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் டிவிஷனில் பெரட்டுக்களம் இருக்கிறது. காலையில் எல்லாரும் அங்கே வந்து வரிசையில் நிற்பார்கள், யார் எந்த மலைக்குப் போவது என்று அங்கேதான் பிரித்துவிடுவார்கள். போன தை மாதம் லீவில் வந்திருந்தபோது, பெரட்டுக்கு இருபது நிமிடம் முந்தி வரச் சொல்லிப் பெண்களைக் கேட்டேன். அமல்ராஜ் முளையடித்து, பதினாறரை அடிக்குச் சதுரமாகக் கயிறு கட்டினான். கொழுந்துக் கூடைகளை எல்லாம் முதுகிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். நான் கணக்கப்பிள்ளையின் மேசையில் ஏறி நின்றுகொண்டு, "உள்ளுக்கு வாங்க, நெருக்கமா நில்லுங்க" என்றேன்.

அறுபத்தொரு பேர் நின்றார்கள். மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே.

"இன்னும் வாங்க" என்றேன்.

"எங்கடி வாறது? எடமில்லையே" என்றாள் இலட்சுமி அக்கா. அவள் எங்கள் லயத்தில் மூன்றாம் அறை, வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள். "இதுக்கு மேல நின்னா ஒருத்தி மேல ஒருத்தி ஏறித்தான் நிக்கணும்."

அறுபத்தொன்றை ஐந்தால் பெருக்கினால் முந்நூற்றைந்து. ஐந்நூறு என்பது தவறு என்று நான் எழுதினேன். அதை எழுதியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரனின் கணக்கைத் தெரணியகலையில் ஒரு பெரட்டுக்களத்தில் கயிறு கட்டி உடைத்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

கலாநிதி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை, வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

"ஒரு பேர்ச்சில நூறு பேர் நிக்கலாம். அறுபத்தொண்டு எண்டது நடக்காத காரியம். நீர் இதைச் செய்யவேயில்லை. வீட்டில இருந்து எழுதியிருக்கிறீர்."

"படம் இருக்கு, சேர்."

"படத்தில கொஞ்சப் பொம்பிளையள் நிக்கினம். அவ்வளவுதான். பொய்த் தரவு எண்டு நான் எழுதினால் என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே?"

தெரியும். ஆய்வு செல்லாது, ஒழுக்காற்று விசாரணை, பட்டம் இல்லை. அதைவிட, கோப்பில் 'பொய்' என்ற சொல் என் பெயருக்குப் பக்கத்தில் கிடக்கும். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் வந்த அழுகை அது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. நான் திருடினேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

நல்லவேளை, இரண்டாம் பரிசோதகர் வேறு பல்கலைக்கழகத்து ஸுமைரா மெடம். அவர் கலாநிதிக்குக் கடிதம் எழுதினார், எனக்கும் பிரதி வந்தது. கலாநிதி நேரில் போய்ப் பார்க்க வேண்டும், தன் கையால் எண்ண வேண்டும், எண்ணியதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எண் சரியாக வந்தால் ஆய்வு நிலைக்கும், கையெழுத்து வராவிட்டால் ஆய்வு போகும். அந்த மாதம் முப்பதாம் திகதிதான் கடைசி நாள்.

இருபத்தொன்பதாம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் கலாநிதிக்கு நேரம் கிடைத்தது.

பூசை முடிந்து வேதக்காரப் பெண்களும், வீட்டு வேலை முடித்து மற்றவர்களும் பத்து மணிக்கெல்லாம் களத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரே ஒரு லீவு நாள், துணி துவைக்கிற நாள், அதை விட்டுவிட்டு நூறு பேருக்கு மேல் வந்தார்கள். ஒருத்தியும் கூடை கொண்டுவரவில்லை, எதற்குக் கொண்டுவர வேண்டும்? என் அம்மா அந்தோனியம்மா பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் நின்றாள். முப்பத்தொரு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். அவள் முகத்தில் இருந்த பயம் எனக்குப் பிடிக்கவில்லை.

அமல்ராஜ் கலாநிதியைத் தெரணியகலை பஸ் நிலையத்திலிருந்து ஏற்றிவந்தான். இறங்கியதும் அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டார், பிறகு லயத்தைப் பார்த்தார், பிறகுதான் எங்களைப் பார்த்தார். கயிற்றை அவரே அளவு நாடா வைத்து அளந்தார். பதினாறரை சரியாக இருந்தது. நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

நான் மறுபடியும் மேசையில் ஏறினேன். அவருக்குக் கதிரை போட்டிருந்தது. பெண்கள் உள்ளே போய் நின்றார்கள். நின்று முடிந்ததும் அவர் கதிரையில் இருந்தபடியே பேனாவை நீட்டி நீட்டி எண்ணினார்.

"அறுபது" என்றார். "ஒண்டு குறையுதே?"

"அன்னைக்கு அறுபத்தொன்னு, சேர். இன்னைக்கு அறுபது. ஒரு ஆள் அங்க இங்க வரும்தானே. நான் பொய் சொல்லலன்னு தெரியுதுல்ல? எழுதுங்க."

அவர் எழுதவில்லை. எழுந்து கயிற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இவை ஏன் இப்படி விலத்தி விலத்தி நிக்கினம்? நீர் சொல்லிக் குடுத்திருக்கிறீர்."

"நானா?"

"அகலமா நில்லுங்கோ எண்டு சொல்லியிருக்கிறீர். படிச்ச பிள்ளை சொன்னாக் கேட்பினம்தானே. இதில நான் கையெழுத்துப் போடேலாது."

மேசையிலிருந்து நான் இறங்கியது எனக்கே தெரியாது. அவர் சட்டையைப் பிடித்துவிடுவேன் என்று நினைத்து அமல்ராஜ் குறுக்கே வந்தான். "பட்டாசு, பொறு" என்றான். நான் அவனைத் தள்ளிவிட்டுக் கயிற்றைத் தாண்டிப் பெண்களுக்கு நடுவில் போனேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மேலே நின்று பார்த்தபோது நெருக்கமாகத் தெரிந்தது. உள்ளே வந்தால், நான் யாரையும் இடிக்காமல் நடந்து போகிறேன். பக்கத்துக்குப் பக்கம் தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்கிறார்கள். முன்னுக்குப் பின்தான் இடைவெளி. ஒவ்வொருத்திக்கும் பின்னால் ஒன்றரை அடி சும்மா கிடக்கிறது.

அம்மாவிடம் போனேன்.

"அம்மா, உனக்குப் பின்னால ஏன் இவ்வளவு எடம்? பின்னால நிக்கிற அக்காவ ஏன் கிட்ட வர விடல?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். நான் ஏதோ பைத்தியக் கேள்வி கேட்டதுபோல் பார்த்தாள்.

"கூடை இடிக்கும்ல" என்றாள்.

"கூடை எங்கம்மா இருக்கு?"

அம்மா கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் சிரித்தாள். பின்னால் நின்றவளும் தன் முதுகைத் தொட்டாள். வரிசை வரிசையாக எல்லாரும் சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் களத்துக்கு வந்தால் இவர்கள் இப்படித்தான் நிற்பார்கள். கூடை இடித்தால் பின்னால் நிற்பவளின் முகத்தில் அடிக்கும், மடுவத்தில் நிறுக்கும் வரிசையில் என்றால் கொழுந்து கொட்டும், கணக்கப்பிள்ளை கத்துவார். முப்பத்தொரு வருடமாக அம்மா தன் பின்னால் ஒரு கூடைக்கு இடம் விட்டு நிற்கிறாள். இரண்டு தரமும் கூடையை எடுத்துவிட்டு அளந்ததாக நான் நினைத்தேன். நான் அளந்தது கூடையைத்தான்.

இதை நான் தெரிந்திருக்க வேண்டாமா? இந்த வீட்டில் பிறந்தவள்தானே நான். ஆனால் அம்மா ஒருநாளும் என்னைக் கூடையைத் தொட விட்டதில்லை. "நீ புஸ்தகத்தத் தூக்கு" என்பாள். நான் பெரட்டில் நின்றதே இல்லை. மேசையில் ஏறி நின்று மேலேயிருந்து எண்ணியிருக்கிறேன், கதிரையில் இருந்த அந்த மனிதனைப் போலவே. எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"என்னவாம்?" என்று கேட்டார் கலாநிதி, கயிற்றுக்கு வெளியே இருந்து.

சொன்னேன். அவர் புருவத்தைத் தூக்கினார். "அப்ப உம்மட கணக்குப் பிழை."

"ஆமா, சேர். பிழை. ஆனா பொய் இல்ல."

அப்போது இலட்சுமி அக்கா என் தோளைத் தட்டினாள். "ஏன்டி, நெருக்கமா நிக்கிறதுன்னா லொறியில நிக்கிற மாதிரியா? அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

தூரத்து மலையில் கொழுந்து என்றால் தோட்டத்து லொறியில்தான் ஏற்றிப் போவார்கள். கூடையெல்லாம் லொறியின் கூரையில் கட்டியிருக்கும். பின்தட்டில் நாற்பது பேர், கதவைச் சாத்திக் கொண்டி போட்டால் யாரும் கையைக்கூட அசைக்க முடியாது.

"லொறி மாதிரி நில்லுங்க" என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன்.

ஐயோ, அந்த வேகத்தை என்னவென்று சொல்வது. ஒருவரும் யாரையும் தள்ளவில்லை. தோளை ஒருக்களித்து, முன்னால் நிற்பவளின் முதுகில் நெஞ்சை வைத்து, பையைக் காலுக்கு நடுவில் வைத்து, கையை மார்பில் மடித்து, இரண்டு நிமிடத்தில் அறுபது பேரும் கயிற்றின் ஒரு பக்கமாக ஒடுங்கிவிட்டார்கள். வெளியே நின்றவர்கள் எல்லாரும் உள்ளே வந்தார்கள். எங்கே முழங்கை போக வேண்டும், எங்கே தலை சாய வேண்டும் என்று அவர்கள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. ஆடுமாட்டைக்கூட இப்படி ஏற்றினால் வழியில் பொலிஸ் மறிக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி வெளியே வந்தேன்.

கலாநிதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கதிரையிலிருந்து எண்ண முடியவில்லை, தலையோடு தலை ஒட்டியிருந்தது. "இதில குந்தியிருக்கிற ஆக்களும் இருக்கலாம், நான் உள்ளுக்கு வந்துதான் எண்ணுவன்" என்று சொல்லி, தாளையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்து நடுவுக்குப் போனார். பெண்கள் வழி விட்டார்கள். அவர் போகப் போகப் பின்னால் வழி மூடிக்கொண்டது. ஒவ்வொரு தலையாகத் தொடாத குறையாக எண்ணி முடித்தார்.

"நூற்றி நாலு" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது. "நூற்றி நாலு, ஐந்தால பெருக்கினால் ஐந்நூற்றி இருபது. நூல் சொன்னதுதான். நூல் சொன்னதுதான் பிள்ளை."

நூல் சொன்னது சரி. இங்கிலாந்தில் ஏழைகள் நின்ற நெருக்கம், எங்கள் தோட்டத்து லொறியின் நெருக்கம், இரண்டும் ஒன்று. அதை அவர் சந்தோஷமாகச் சொன்னார். அந்த ஐந்நூற்று இருபது பேருக்கு மூச்சு முட்டியிருக்குமா என்று எந்த நூலும் கேட்டதாக எனக்கு நினைவில்லை, நானும் அந்த நிமிடம் வரை கேட்டதில்லை.

"சரி, இப்பிடிச் செய்வம்" என்றார், நடுவில் நின்றபடியே. "அறுபதை வெட்டிப் போடும். நூற்றி நாலை மட்டும் எழுதும். மாணவி பிழையான தரவைத் திருத்திவிட்டார் எண்டு நான் எழுதிக் கையெழுத்துப் போடுறன். உமக்குப் பட்டம் வரும். ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை."

"பிழையான தரவுன்னு எழுதக் கூடாது, சேர். அறுபதையும் நீங்கதான் எண்ணுனீங்க. ரெண்டையும் எழுதுங்க. ஏன் அறுபது, ஏன் நூத்தி நாலுன்னு நான் ஆய்வுல எழுதுறேன்."

"கூடைக் கதையெல்லாம் அரங்க வரலாறு இல்லை, பிள்ளை. வெட்டும். இல்லாட்டி நான் ஒண்டிலயும் கையெழுத்துப் போடமாட்டன். நாளைக்குக் கடைசி நாள்."

என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. வெட்டிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், அதையும் மறைக்க விரும்பவில்லை. நாலு வருடப் படிப்பு, அம்மாவின் முகம், எல்லாம் ஒரு கோட்டில் தொங்கியது.

"கொஞ்சம் விலத்துங்கோ, நான் வெளிய வர" என்றார் கலாநிதி.

யாரும் விலகவில்லை.

"லொறி நிக்காம எறங்க ஏலாதுங்க, சேர்" என்றாள் இலட்சுமி அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. அப்போதும் யாரும் விலகவில்லை.

அவர் நடுவில் நின்றார். நெற்றியில் வியர்வை இறங்கியது, துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை. அவர் முகத்துக்கு நேரே அம்மாவின் கொண்டை. எனக்கு உதவி செய் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அம்மா பேசினாள். எந்த ஐயா முன்னாலும் வாய் திறக்காதவள். திரும்ப இடமில்லாததால் முன்னுக்குப் பார்த்தபடியே பேசினாள்.

"சேர், நீங்க சொன்னது எனக்கு எல்லாம் வெளங்கல. அறுபது பேரு நின்னத நீங்க எண்ணுனீங்க. அப்பறம் அத வெட்டச் சொல்றீங்க. அது மட்டும் வெளங்குது."

"அம்மா, அது வந்து ஆய்வு முறை..."

"நாள் பூரா மலையில நிப்போம். அந்தியில கொழுந்து ரெண்டு கிலோ கொறஞ்சா எங்களுக்கு அரைப்பேருதான் போடுவாங்க. பாதி நாள்தான் வேலை செஞ்சோம்னு எழுதுவாங்க. மத்த பாதி நாள் நாங்க எங்க இருந்தோம்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. எம் மகள அதுக்காகத்தான் சேர் படிக்க அனுப்புனேன். நீங்களும் அவளுக்கு அரைப்பேரு போடுறீங்களே."

அமல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"நின்னது நின்னதுதான்" என்றாள் அம்மா. "தாள எம் முதுகுல வச்சு எழுதுங்க. மொதல்ல அறுபது எழுதுங்க."

அவள் கழுத்தைத் தாழ்த்தி முதுகைக் கொடுத்தாள். கலாநிதி அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பிறகு எப்படியோ ஒரு கையை விடுவித்துத் தாளை அங்கே விரித்தார். எழுதினார். அறுபது என்று எழுதினார், நூற்று நான்கு என்று எழுதினார், இரண்டையும் நானே எண்ணினேன் என்று எழுதினார், திகதி போட்டுக் கையெழுத்திட்டார்.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றாள் அம்மா. வாசித்தார்.

"சரியா, சரோன்?"

"சரிம்மா" என்றேன்.

"அப்ப எறங்கலாம்" என்றாள். நூற்று நான்கு பேரும் விலகினார்கள்.